போகிக்கு முன் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வீட்டில் ஒட்டடை அடிக்கும் வேலை தொடங்கியிருக்கும். பரணில் இருந்தவை கீழே இறங்கியிருக்கும். மார்கழி முடியப் போகிறது, போகி வருகிறது என்றாலே எல்லார் வீட்டிலும் இதே பேச்சுதான்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? அந்தப் பேச்சில் முதலில் அடிபடுவது, பெரும்பாலும் மூலையில் கிடக்கும் ஒரு பழைய நாற்காலி. உட்காரும் இடம் கிழிந்துவிட்டது, யாரும் உட்காருவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காயலான் கடைக்காரர் வந்தால் கொடுத்துவிடலாம், வராவிட்டால் போகித் தீயில் போட்டுவிடலாம் என்று முடிவாகிவிடும்.

அந்த நாற்காலிக்காகப் பேசத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்ட தேக்கு நாற்காலி, பிரம்புப் பின்னல் போட்டது. விடைத்தாள் திருத்தியது, கடிதம் எழுதியது, மாலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து வாய்ப்பாடு கேட்டது எல்லாம் அதில் உட்கார்ந்துதான். ஒருநாள் பின்னல் நடுவில் அறுந்தது. அம்மா அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகை மேல் பழைய தலையணையைப் போட்டு ஒப்பேற்றினார். அப்பா காலமான பிறகு நாற்காலி மொட்டை மாடி அறைக்குப் போய்விட்டது. போன வருடம் போகிக்கு நான்கு நாள் முன்னால், நானேதான் அதை இறக்கி வாசலில் கொண்டு வந்து வைத்தேன்.

கோலம் போட வந்த எதிர்வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல என்ன கெட்டுப் போச்சு? உக்கார்ற இடம் மட்டும்தானே போயிருக்கு” என்றார். சொன்னதோடு விடவில்லை. உள்ளே போய் ஒரு பழைய டைரியைத் தேடி எடுத்து, நாற்காலி பின்னுகிற பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் வந்தார். டிவிஎஸ் வண்டியின் பின்னால் சாக்கில் சுற்றிய பிரம்புச் சுருள். வந்ததும் நாற்காலியின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தார். சட்டமும் காலும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். விரல் முட்டியால் மரத்தைத் தட்டிக் கேட்டார். பிறகுதான் என்னிடம் பேசினார். “மரம் நல்லா இருக்கும்மா. முன்கால்ல ஒரு மூட்டு மட்டும் விட்டிருக்கு, அதை ஒட்டிடலாம். இன்னும் ரெண்டு தலைமுறைக்கு உக்காரலாம்.”

அடுத்து நடந்ததை நான் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன். பழைய பின்னலைக் கத்தியால் அறுத்து எடுத்தார். உட்காரும் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் அடைத்துக்கொண்டிருந்த பழைய பிரம்புத் துணுக்கைக் குத்தூசியால் தள்ளி வெளியேற்றினார். எண்ணிப் பார்த்தேன்; 76 துளைகள். இத்தனை வருடம் அந்த நாற்காலியோடு வளர்ந்தும் அவை என் கண்ணில் பட்டதே இல்லை.

பிரம்பு என்றால் நம்மில் பலருக்கு முதலில் வாத்தியார் கையில் இருந்ததுதான் நினைவுக்கு வரும். அதே பிரம்புதான் இதுவும். முள் அடர்ந்து, மரங்களைப் பற்றிக் காட்டில் ஏறிப் படரும் ஒரு வகைப் பனை அது. மூங்கில் போல உள்ளே கூடு கிடையாது. அதன் மேல்தோலை நீளநீளப் பட்டையாகச் சீவி எடுத்தால் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். நாற்காலி பின்னுவது அந்தப் பட்டையால்தான். அதை வாளித் தண்ணீரில் ஊற வைத்தார். ஊறாமல் வளைத்தால் ஒடிந்துவிடும். “ரொம்ப ஊறினாலும் நிறம் கறுத்துடும்மா” என்று அரைமணிக்குள் எடுத்துவிட்டார்.

முதலில் முன்னிருந்து பின்னாக, துளைக்குத் துளை கம்பி கட்டியதுபோல ஒரு வரிசை. அதன் மேல் இடமிருந்து வலமாக இன்னொரு வரிசை. மறுபடி முன்னிருந்து பின்னாக ஒன்று. இதுவரை ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதுதான். பின்னல் இன்னும் தொடங்கவில்லை. நான்காவது வரிசையில்தான் பட்டை மேலும் கீழுமாக நுழைந்து எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கிறது. ஐந்தாவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காகப் போகிறது. ஆறாவது மற்ற மூலையிலிருந்து. அது போகப் போக, கண்ணெதிரே சதுரக் கட்டங்கள் எட்டு மூலைக் கண்களாக மாறுவதைப் பார்க்க வேண்டும்! கடைசியில் ஏழாவதாக, சற்று அகலமான ஒரு பட்டையை ஓரம் முழுக்க ஓட்டி, எல்லாத் துளைகளையும் மறைத்துக் கட்டினார். ஒரு பட்டையை இழுத்து அடுத்ததற்குப் போகும் முன் துளையில் ஒரு சிறு குச்சியைச் செருகி இறுக்கிக்கொள்வார். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்கும்படி, பட்டை திரும்பும் இடங்களில் எல்லாம் விரல் தானாக அதைத் திருப்பிவிடும்.

இரண்டு நாள் வேலை. முடித்தபோது பின்னல் சற்றுத் தளர்வாகத்தான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “ஈரம் இருக்கும்மா. நிழல்ல கிடக்கட்டும். நாளைக்குக் காலையில தட்டிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தட்டிப் பார்த்தேன். காய்ந்து இறுகி, கஞ்சிரா போல ஒலித்தது.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாற்காலி என்ற நம் சொல் நான்கு காலைத்தான் சொல்கிறது. உட்காரும் இடத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. அந்தக் காலத் தச்சரும் அப்படித்தான் செய்திருக்கிறார். கால்களும் சட்டமும் பேரன் பேத்தி காலம்வரை நிற்க வேண்டியவை. அவற்றுக்குத் தேக்கும் ஈட்டியும். உட்காரும் இடம் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துத் தேய்ந்து போக வேண்டியது. அதற்குப் பிரம்பு, நாடா, கயிறு, துணி. தேய்ந்ததைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளும்படிதான் சட்டத்தில் அந்த 76 துளைகளையும் விட்டு வைத்திருக்கிறார். கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். கால்மாட்டில் ஒரு பக்கம் கயிற்றை மட்டும் நீளமாக விட்டு வளைத்துக் கட்டியிருக்கும். கட்டில் தொய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்து முறுக்கி இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பழுது பார்க்கும் வழியையும் சேர்த்தே செய்து கொடுத்த பொருட்கள் இவை. பின்னல் அறுந்ததும் நாற்காலியே போய்விட்டது என்று நினைப்பது, செருப்பின் வார் அறுந்ததும் காலே போய்விட்டது என்று நினைப்பதைப் போல.

இத்தகைய நாற்காலிகளின் விலை தெரியாமல் போனதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது, அதைத் திட்டமிட்ட லெ கார்பூசியரின் உறவினரும் கட்டடக் கலைஞருமான பியர் ஜான்னரே 1951-ல் அங்கே வந்து 1965 வரை தங்கி வேலை செய்தார். அங்குள்ள அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கும் பிரம்பும் சேர்த்து எளிமையான நாற்காலிகளை வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். காலப்போக்கில் பின்னல் அறுந்தது. பிளாஸ்டிக்கும் இரும்பும் வந்தன. பழையவை மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் மலைபோல் குவிந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. கழிவு ஏலத்தில் சொற்ப விலைக்குப் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் அவற்றை வாங்கிக்கொண்டு போய், மரத்தைத் தேய்த்து மெருகேற்றி, புதிதாகப் பிரம்பு பின்னி, ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். விஷயம் வெளியே தெரிந்த பிறகு, 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அந்த வியாபாரிகள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. நாற்காலி பின்னிய அந்தப் பெரியவர் எங்கள் வாசலில் இரண்டு நாளில் செய்து முடித்த அதே வேலைதான்.

இந்த வேலைக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. கண்ணால் செய்வதைவிட விரலால் செய்வது இது. துளை எங்கே, பட்டை எதன் மேல் போகிறது, எதன் கீழ் போகிறது என்பதை விரல் சொல்லிவிடும். அதனால்தான் பார்வையற்றோர் பள்ளிகளில் இதை ஒரு தொழிலாகவே கற்றுக் கொடுத்தார்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் நாற்காலி பின்னுவதற்கென்றே பணியிடங்கள் இருந்து, பார்வையற்றவர்கள் அவற்றில் அமர்ந்து சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தினார்கள். நான் படித்த பள்ளியின் தாழ்வாரத்தில், கோடை விடுமுறை தொடங்கும் வாரத்தில், பார்வையற்ற ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி வந்தபோது நாம் இழந்தது காற்றோட்டமான இருக்கையை மட்டும் இல்லை.

இனி சோபாவுக்கு வருவோம். ஏனென்றால் இன்று நம் வீடுகளில் அதிகம் தொய்ந்து கிடப்பது அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் சோபா ஒன்று வாங்கினோம். பார்க்க அவ்வளவு அழகு. ஐந்தாவது வருடமே நடுவில் குழி விழுந்துவிட்டது. நாற்காலி கொடுத்த உற்சாகத்தில், பக்கத்துத் தெரு குஷன் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். ஆட்டோ சீட், பைக் சீட், சோபா எல்லாம் தைக்கிற சிறிய கடை அவருடையது. அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைப் பிரித்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. துண்டு பிளைவுட்டும் மெல்லிய ரீப்பரும் ஸ்டேப்ளர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபோமைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது. “இதுக்கு மேல நீங்க எவ்வளவு நல்ல துணி போட்டாலும் காசு வீணும்மா. வேண்டாம்” என்றார். தனக்கு வரவேண்டிய கூலியை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு இந்தப் பக்கத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, எல்லாப் பழசும் காப்பாற்றத் தக்கது என்று நான் சொல்ல மாட்டேன். எலும்பு நன்றாக இருந்தால்தான் சதை போட முடியும். ஆனால் அதைக் கவிழ்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை அந்த இருவரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

நாற்காலியின் இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து அழுத்துங்கள். லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், மூட்டில் பசை விட்டிருக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, ஒருநாள் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தால் சேர்ந்துவிடும். மரத்தில் குண்டூசி அளவு ஓட்டைகளும், கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு துளைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். இறங்காவிட்டால் மருந்து வைத்துக் காப்பாற்றலாம். சோபா என்றால் ஒரு பக்க முன்காலை மட்டும் சற்றே தூக்குங்கள். மறுபக்கக் காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதியாக இருக்கிறது. அது தரையிலேயே நின்று, நடுவில் முறுக்கிக்கொண்டால் சட்டம் போய்விட்டது.

குஷன் போடக் கொடுக்கும்போது உள்ளே என்ன வைக்கப் போகிறார் என்று கேளுங்கள். பழைய நாற்காலிகளுக்குள் தென்னை நாரும் இலவம் பஞ்சும் இருக்கும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சுக்கு நம் ஊரில் எப்போதும் பேர் உண்டு. அதை வெயிலில் காய வைத்து, உதிர்த்து, மறுபடி அடைத்துக்கொள்ளலாம். நல்ல நார் கிடைத்தால் அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். இன்று பெரும்பாலும் வைப்பது ஃபோம்தான். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர் பாலியூரித்தேன் உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1950-களில் அது மெத்தையாக வீடுகளுக்குள் வந்தது. அதில் தடிமனைவிட அடர்த்தியே முக்கியம். கடைக்காரர்கள் ‘டென்சிட்டி’ என்பது அதைத்தான்: ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. தினமும் உட்காரும் இருக்கைக்கு 32-க்குக் குறையாமல் கேளுங்கள். வீட்டில் ஆட்கள் அதிகம் என்றால் 40 போடச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்துக்கு அதைவிடக் குறைவானது போதும். தடிமனாக இருக்கிறதே என்று லேசான ஃபோமை வாங்கினால் ஒரே வருடத்தில் குழி விழும்.

மேலே போடும் துணியில் நம் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ரெக்சின் துடைக்க எளிது. ஆனால் சித்திரை மாதம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கரூரில் நெய்யப்படும் கெட்டியான பருத்தித் துணிகள் உலகம் முழுவதும் வீட்டு அலங்காரத்துக்குப் போகின்றன. அவற்றை நம் வீட்டு நாற்காலிக்கும் கேட்டு வாங்கலாமே! சாப்பாட்டு மேசை நாற்காலியின் இருக்கைக்கு அரை மீட்டர் துணி போதும். கைதேர்ந்தவர் என்றால் பழைய உறையைக் கிழிக்க மாட்டார். தையலை மட்டும் பிரித்து, அதையே அளவாக விரித்து வைத்துப் புதுத் துணியை வெட்டுவார். அதைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பிரம்பு நாற்காலி வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத யோசனை ஒன்று. பின்னல் அறுபடாமல் தொய்ந்து மட்டும் இருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஈரத் துணியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு நிழலில் காயவிடுங்கள். தானாக இறுகிக்கொள்ளும். விளக்கு மாட்ட அதன் மேல் ஏறி நிற்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

எதையாவது காப்பாற்ற முடியவில்லை என்றால், தயவுசெய்து அதைப் போகித் தீயில் போடாதீர்கள். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். ரெக்சினின் பிளாஸ்டிக் பூச்சு எரிந்தால் வரும் புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது நினைவிருக்கும். பழையதைக் கழிப்பதற்குத்தான் போகி. விடிந்தால் நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றைக் கெடுப்பதற்கு இல்லை. மரத்தையாவது பிரித்து எடுத்துத் தச்சரிடம் கொடுங்கள். நல்ல தேக்குத் துண்டை அவர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்.

எங்களுக்குப் பின்னிக் கொடுத்த பெரியவரிடம், பிள்ளைகள் இந்த வேலைக்கு வந்தார்களா என்று கேட்டேன். “வேலை இருந்தா வருவாங்கம்மா. மாசத்துல நாலு நாற்காலி வந்தா யார் வருவாங்க?” என்றார். அவர் கேட்டது நியாயம். கலை அழிகிறதே என்று நாம் பேசிக்கொண்டிருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மாதம் நான்கு நாற்காலி பதினாறாக வேண்டும். அது உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு மூலையிலும் ஒரு நாற்காலி கிடக்கிறதே!

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நாற்காலி பின்னுகிறவர், நாடா கட்டில் போடுகிறவர், நாணயமாகக் குஷன் தைத்துக் கொடுப்பவர் யாராவது இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் தொடர்பு எண்ணையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி நமக்கு அனுப்புங்கள். வந்து சேரும் விவரங்களைச் சரிபார்த்து, ஊர்வாரியாகத் தொகுத்து மாசி மாத இதழில் வெளியிடுகிறோம். அதுவரை அந்தப் பழைய நாற்காலியை வாசலுக்குக் கொண்டு போகாமல், ஒரு முறை கவிழ்த்து மட்டும் பாருங்கள்.

பொங்கல் நல்வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்